கூச்சியில் ஒரு திதி விருந்து

சைகோனுக்குப் போகிறேன் என்று சொன்னதும் என் மகள் கேட்ட முதல் கேள்வி, "அங்க போயி எதைத் திம்பே?" என்பதுதான். எதற்குப் போகிறாய் என்று கேட்க அவளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் முட்டைகூடத் தொடாதவள். வியட்நாமில் தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் மீன் சாற்றை ஊற்றுவார்கள் என்று அவள் எங்கோ படித்து வைத்திருந்தாள். ஆகவே பாதிப் பெட்டி புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியுமாகக் கிளம்பினேன்.

போன காரியம் இதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் கடத்திக்கொண்டு வரப்படும் பிள்ளைகளை மீட்டு, ஊரைக் கண்டுபிடித்து, பெற்றவர்களிடம் சேர்க்கும் ஒரு சின்ன அமைப்பில் நான் வெகுகாலம் வேலை பார்த்தேன். ஒடிசாவுக்கும் பீகாருக்கும் எத்தனை தடவை ரயிலேறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க முடியவில்லை. சைகோனில் இதே வேலையைச் செய்யும் ஒரு காப்பகம் வெளியூர்க்காரர்களைச் சில வாரங்களுக்கு உதவிக்கு அழைப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். வரச் சொல்லிவிட்டார்கள். பாஷை தெரியாத ஒரு பொம்பளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்ற சந்தேகம் விமானம் இறங்கும் வரை எனக்கு இருந்தது.

விமான நிலையத்தில் ஹாங் நின்றிருந்தாள். காப்பகத்தின் சமூகப் பணியாளர். முப்பதைத் தாண்டியவள், குரலை உயர்த்தியே பேசாதவள். அவளுடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட ஒரு படி மேல். கார் கொண்டுவந்திருப்பாள் என்று பார்த்தால் மோட்டார் சைக்கிள். என் பெட்டியை முன்னால் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு, பின்னால் ஏறச் சொன்னாள். நான் கட்டியிருந்ததோ புடவை. ஒருபக்கமாக உட்கார்ந்து அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மழைக்கோட்டைப் போர்த்தினாள். எனக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தத்தில் ஒரு பெண்குரல் எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. ஏதோ தப்பாக ஓட்டிவிட்டோம், திட்டுகிறாள் என்று நினைத்தேன். வண்டியை ஓரம்கட்ட வைத்து, அவளும் இறங்கி, மழையிலேயே குனிந்தாள். என் முந்தானை நழுவிச் சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுருட்டி, தன் கூந்தலில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டி, என் மடியில் செருகினாள். நான் கையெடுத்துக் கும்பிடுவதற்குள் ஏறிப் போய்விட்டாள். வந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஊருக்கு நான் உயிர்க்கடன் பட்டுவிட்டேன். அரசாங்கம் அந்த ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று பேர் வைத்திருக்கிறது. ஊர்க்காரர்கள் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஹாங் எனக்கு ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தாள். "சாய்." சைவம் என்று அர்த்தம். அமாவாசை, பௌர்ணமிக்கு அங்கே பாதி ஊர் சைவம்தான் சாப்பிடுமாம். சந்து முனையில் ரொட்டி விற்கும் அம்மாளிடம் போய் பயந்து பயந்து "சாய்" என்றேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கத்தியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, வேறொரு கத்தியை எடுத்து, நீள ரொட்டியைப் பிளந்து, வறுத்த டோஃபுவும் காரட் ஊறுகாயும் கொத்துமல்லியும் பச்சை மிளகாயும் வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கத்தி எனக்கென்றே தனியாக இருந்தது. எங்கள் ஊர் பிரியாணிக் கடையில் போய் இப்படிக் கேட்டிருந்தால் என்னை மேலும் கீழும் பார்த்திருப்பார்கள். காப்பி மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். நல்ல டிகாக்ஷனை ஐஸில் கொட்டிக் கெடுக்கிறார்கள். ஒரு வாரத்தில் அதற்கும் பழகி, இரண்டாவது டம்ளர் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

காப்பகம் சோலோன் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது, வைக்கவும் கூடாது. சீனர்கள் குடியேறிய பழைய வட்டாரம் அது. மொத்தக் கடைகள், கீழே தையல் மிஷினும் மேலே குடித்தனமுமாகக் குறுகிய வீடுகள், தலைக்கு மேல் துணி மூட்டை ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள், பாதி இறக்கிய ஷட்டர்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துணிப் பஞ்சு வாடையை இழுத்தால் எங்கள் திருப்பூர் பனியன் சந்தை காதர்பேட்டைதான். பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

என் வேலை என்ன என்று ஹாங்கைக் கேட்டேன். "சும்மா உக்காந்திருங்க கோ. இங்க எல்லாரும் பிள்ளைங்களைக் கேள்வி கேக்கறோம். உங்களால கேக்க முடியாது. அதுதான் உங்ககிட்ட இருக்கற நல்ல விஷயம்" என்றாள். ‘கோ’ என்றால் அத்தைக்கும் டீச்சருக்கும் பொதுவான ஒரு மரியாதைச் சொல். பாஷை தெரியாததற்காக என்னை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மதியம், பதிமூன்று வயது இருக்கும், ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் புடவை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிடித்துப் பல்லால் கடித்து எடுத்தாள். அப்புறம் ஜாக்கெட் கையில் ஒன்று. அப்புறம் முந்தானையில். எடுத்த நூலையெல்லாம் இடது உள்ளங்கையில் சேர்த்து உருட்டிக்கொண்டாள். அவள் விரல்கள் என்ன செய்கின்றன என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது. பிசிறு எடுக்கிறாள். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் தைத்து வரும் துணியில் பிசிறு வெட்டத் தனியாக ஆள் வைப்பார்கள், சின்ன விரலுக்கு வாகாக வரும் என்று பிள்ளைகளைத் தேடுவார்கள். "போதும் விடு கண்ணு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை உருவிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு தினமும் வந்தாள். அவள் பெயர் லின்.

லின்னின் கதையை ஹாங் ஒரு நடைபாதைக் கடையில் வைத்துச் சொன்னாள். அங்கே உட்காரக் கொடுப்பது நம்மூர் குளியலறை ஸ்டூலைவிடச் சின்னது. உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். கதை கேட்டு முடித்தபோது எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை. ஊருக்குக் காய்கறி வாங்க வரும் ஒரு பெண் லின்னை ஏழு வயதில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். எல்லை தாண்டி எங்கெங்கோ கைமாறி, கடைசியில் திரும்பவும் சைகோனுக்கே வந்து, சோலோன் பட்டறை ஒன்றில் அடைந்து கிடந்திருக்கிறாள். போலீஸ் மீட்டது. அவளுக்கு ஊர்ப் பெயர் தெரியவில்லை. ஒரு வாய்க்கால், பால் மாடுகள், மூங்கில் தட்டியில் காயும் அரிசி அப்பளம், இவ்வளவுதான் நினைவிருந்தது.

"அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு" என்றாள் ஹாங். "அந்தப் பொம்பளை இவகிட்ட, ‘உங்கம்மாதான் உன்னை எனக்குக் குடுத்துட்டா, திரும்பிப் போனா அடிப்பா’னு சொல்லியிருக்கா. இவ அதை நம்பறா. வீட்டைக் கண்டுபிடிக்க வேணாம்னு சொல்றா."

"நீ நம்பறியா?" என்று கேட்டேன்.

ஹாங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். "காணாமப் போன பிள்ளைன்னு புகார் எங்கயும் இல்ல கோ. எல்லா மாகாணத்திலயும் தேடிட்டேன். பெத்தவ ஏன் புகார் குடுக்கல?"

பிள்ளையை விற்ற தாய்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைப் பதிமூன்று வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாரக் கடைசியில் ‘பென் தான்’ என்கிற பெரிய சந்தைக்குப் போனேன். பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். உள்ளே நம் ஆட்களைவிட வியட்நாமியர்கள்தான் அதிகம். கருவறைக்குப் பின்சுவரில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு கல்லிடம் ரகசியமாக வேண்டிக்கொள்கிறார்கள். நானும் வரிசையில் நின்று, சுவரில் நெற்றியை வைத்து, லின்னுக்காக வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து சந்தை வாசலில் நின்று மகளை ஃபோனில் திட்டிக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யச் சொன்னதை மறந்திருந்தாள். ஃபோனை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பசியாறியாச்சா அக்கா?"

அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். முகம் வியட்நாம், பேச்சு காரைக்கால். யூசுப் பாய் என்றார். சந்தைக்குள் துணிக்கடை வைத்திருக்கிறார். "எங்க வாப்பா காரக்கால்லேந்து துணி யாவாரத்துக்கு வந்தவங்க. உம்மா இந்த ஊரு. எழுவத்தஞ்சுல சண்டை முடிஞ்சு ஆட்சி மாறுனதுக்கு அப்பறம் நம்ம ஆளுங்க நெறைய பேரு கெளம்பிட்டாங்க. வாப்பா போவல. பேசறதுக்கு ஆளே இல்லாம என் தமிழு துருப்பிடிச்சுப் போச்சுக்கா. நீங்க மகளத் திட்டினது கேக்க அவ்வளவு நல்லா இருந்திச்சு" என்றார். என் திட்டை ரசித்த முதல் ஆள். டீ வாங்கிக் கொடுத்தார். என்ன வேலையாக வந்தேன் என்பதைக் கேட்டுக்கொண்டு, "வண்டி கிண்டி வேணும்னா கூப்புடுங்க. நம்மகிட்ட ஒரு வேன் இருக்கு" என்று நம்பரைக் கொடுத்தார். சும்மா மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

லின்னின் வீடு கிடைத்துவிட்டது. பால் மாடு என்பதைப் பிடித்துக்கொண்டு, நகரத்தின் ஓரத்திலிருக்கும் கூச்சி வட்டாரத்தில் பால் சேகரிப்பவர்களிடமெல்லாம் ஹாங் லின்னின் படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள். ஒருவர் ஒரு குடும்பத்தைச் சொன்னார். அம்மா மட்டும்தான், அப்பா முன்பே இறந்துவிட்டார், கூட இருப்பது அம்மாவின் தம்பி. ஹாங் ஊருக்கு வெளியே ஒரு டீக்கடையில் அந்த மாமனைப் போய்ப் பார்த்தாள். அவர் காட்டிய பழைய படத்தில், லின்னுக்குப் புருவத்தில் இருக்கும் தழும்புகூட அப்படியே இருந்தது. லின்னும் மாமனை வீடியோவில் பார்த்து அடையாளம் சொன்னாள். ஆனால் பேசமாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள்.

மோட்டார் சைக்கிளில் ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய இடம். பிள்ளை சைகோனுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து தாயும் பிள்ளையும் ஒரே நகரத்தின் இரண்டு மூலையில் இருந்திருக்கிறார்கள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அன்று முழுக்க எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

ஏன் புகார் கொடுக்கவில்லை என்று ஹாங் கேட்டதற்கு மாமன் மழுப்பிவிட்டு, ஒரு வேண்டுகோள் வைத்தாராம். முன்னால் இரண்டு தடவை பொய்த் தகவல் வந்து அக்கா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றாராம். சில நாள் கழித்து, சொல்லிவிட்டேன், இன்ன தேதிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அன்று வீட்டில் திதி, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள் என்று ஃபோன் செய்தார்.

"திதியன்னிக்கா?" என்று நான் துள்ளினேன். "நல்ல காரியத்துக்கு வேற நாளே கெடைக்கலையா அவருக்கு?"

ஹாங் சிரித்தாள். அங்கே திதி என்பது துக்கம் இல்லையாம். வருஷத்துக்கு ஒருமுறை செத்தவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவது. பந்தல் போட்டு, பீர் வாங்கி, பாட்டுப் பாடி, உறவெல்லாம் கூடுகிற நாள். நம்மூரில் கல்யாணம் என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டுகிற மாதிரி, அந்த ஊரில் திதி என்றால் தலையாட்டுகிறார்கள். எந்த வீட்டிலும் மாதத்துக்கு ஒன்று இருக்கும். யாருக்குத் திதி என்று அவளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வருவதாக இல்லை. முதல் சந்திப்பு மட்டும்தான். லின் சம்மதித்தால்தான் அதுவும். அவள் இரண்டு நாள் யோசித்து, "ஒரு கேள்வி கேட்டுட்டுத் திரும்பிடுவேன்" என்றாள். என்ன கேள்வி என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கிளம்ப வேண்டிய காலையில் காப்பகத்து வண்டி உயிரை விட்டது. சாவியைத் திருகினால் இருமுகிறது, அவ்வளவுதான். லின் அதைப் பார்த்து முகம் மலர்ந்ததைக் கண்டு, இன்றைக்கு விட்டால் இவள் இனிமேல் வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. யூசுப் பாயைக் கூப்பிட்டேன். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, துணி உருளைகளின் நடுவே எங்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றார். மரியாதைக்குச் சொன்னார் என்று நினைத்ததற்காக அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வழியில் ஒரு பழக்கடையில் நிறுத்தினார். "திதி வீட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவக் கூடாதுக்கா. பழம் வாங்கிப் போயி சாமி மாடத்துல வெச்சுட்டுத்தான் உக்காரணும்" என்றார். லின்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். ஆரஞ்சும் டிராகன் பழமுமாகப் பொறுக்கினாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கட்டடங்கள் குறைந்து, சின்னத் தொழிற்சாலைகள் வந்து, பிறகு வயலும் மாடுமாக ஆனது. ஒரு வாய்க்கால் பாலம் வந்ததும் லின் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல."

ஹாங் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். யூசுப் பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"அவங்க என்னைக் குடுத்துட்டேன்னு சொன்னா நான் என்ன பண்றது?" என்று லின் கேட்டாள். ஹாங் அதை எனக்குச் சொன்னாள்.

"அப்படிச் சொன்னா பழத்தை நாம தின்னுட்டுத் திரும்பிடலாம் கண்ணு" என்றேன் தமிழில். யூசுப் பாய் அதை அப்படியே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். லின் என்னைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், எழுந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வாசலில் நீலப் பந்தல் போட்டிருந்தது. வட்ட மேஜைகள், பீர்ப் பெட்டிகள், ஒலிபெருக்கியில் யாரோ சுருதி சேராமல் பாட்டு. மாமன் எங்களைப் பார்த்துத் தெருவுக்கே ஓடிவந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஹாங்கைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் என்னவோ சொன்னார். சாதுவான ஹாங் கத்துவதை அன்றுதான் கேட்டேன். யூசுப் பாயின் முகம் மாறிவிட்டது.

"என்னங்க பாய்?"

"இந்த ஆளு தன் அக்காகிட்ட சொல்லவே இல்லையாம். தைரியம் வரலையாம்." பந்தலைக் காட்டினார். "திதி யாருக்குன்னு ஹாங் கேட்டிச்சு. நம்ம லின் புள்ளைக்குத்தான்னு சொல்றான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. லின் காணாமல்போன அன்று அவள் செருப்பு வாய்க்கால் கரையில் கிடந்திருக்கிறது. முழுகிவிட்டாள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு, வீட்டை விட்டுப் போன நாளையே செத்த நாளாக வைத்துத் திதி கொடுப்பது அங்கே வழக்கம். போருக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு அந்த ஊரில் பல வீடுகளில் அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்றார் யூசுப் பாய். ஹாங் மாதக்கணக்காகத் தேடியும் புகார் கிடைக்காதது அதனால்தான். காணாமல்போனவளைத்தான் தேடுவார்கள். செத்தவளை யார் தேடுவார்கள்?

"திதிய நிறுத்தணும்னா காரணம் சொல்லணும், காரணம் சொன்னா அக்கா தாங்க மாட்டா. எல்லாரும் கூடியிருக்கற நாளாப் பாத்து வரச் சொன்னேங்கறான்" என்றார் யூசுப் பாய். அந்த மாமனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. உள்ளே ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கிறதாம். அது தானாக அணைகிற வரைக்கும் படைத்த சோற்றில் யாரும் கைவைக்கக் கூடாது. அதுவரை பிள்ளையை வண்டியிலேயே வைத்திருங்கள், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மாமன் கெஞ்சினார்.

திரும்பிப் பார்த்தால் வண்டி காலி.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளை இறங்கி, மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பின்பக்கம் போய்விட்டிருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வாசல் எதற்கு? நாங்கள் ஓடினோம். அடுக்களையைத் தாண்டி நடுக்கூடத்துக்குப் போனபோது, லின் பழக்கூடையோடு மாடத்தின் முன்னால் நின்றிருந்தாள். வந்தவர்கள் வைப்பதைப்போலப் பழத்தை வைக்கப் போயிருக்கிறாள். அங்கே அவளுடைய படம் இருந்தது. ஏழு வயது, முன்பல் இல்லாத சிரிப்பு. படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு, மேலே இரண்டு குச்சி, முட்டை போட்ட கறிக்குழம்பு, ஸ்ட்ரா குத்திவைத்த ஒரு சின்னப் பால் பாக்கெட்.

உயிரோடிருக்கும் பிள்ளையின் படத்துக்கு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அவள் கண்ணைப் பொத்திவிடலாம் என்று நினைத்தேன். லின்னோ படத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பால் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடத்தின் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி திரும்பினார். மெலிந்த உருவம், வெயிலில் காய்ந்த முகம். லின்னைப் பார்த்தார். ஒரு மூலையில் யாரோ அத்தை வீறிட்டாள். அந்தத் தாய் கையை மட்டும் உயர்த்தி மெதுவாகச் சொன்னார். யூசுப் பாய் என் காதில் சொன்னார்.

"கத்தாதீங்க. பயந்து போயிருவா."

பிறகு அந்தத் தாய் பிள்ளையிடம் சொன்னார். சத்தமில்லாமல், தூரத்திலிருந்து வந்த விருந்தாளியிடம் பேசுவதைப்போல.

"வந்துட்டியா? வருஷா வருஷம் கூப்புடறேனே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? சாப்புடு."

அவர் பயப்படவே இல்லை. செத்தவர்கள் திதிக்குச் சாப்பிட வருவார்கள் என்பது நம்பிக்கை. வந்துவிட்டாள், அவ்வளவுதான். தொட்டால் கலைந்துவிடுவாள் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமன் வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். ஹாங் ஓரடி எடுத்து வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிறுத்தியதற்காகச் சந்தோஷப்படுகிறேன்.

லின் பழக்கூடையைக் கீழே வைத்தாள். கிண்ணத்தை எடுத்தாள். நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். பட்டறையில் பழகிய வேகத்தில், யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்பதைப்போல அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

படைத்த சோறு எங்கேயும் குறையாது. நம் வீடுகளிலும் அப்படித்தான். முன்னோர்கள் வந்து சாப்பிட்டுப் போனதாகச் சொல்வோம், இலை வைத்தது வைத்தபடி இருக்கும், அப்புறம் நாம்தான் எடுத்துச் சாப்பிடுவோம். அந்தக் கிண்ணத்தில் சோறு குறைந்துகொண்டே வந்தது. கூடத்தில் அதை முதலில் கவனித்தவர் அந்த அம்மாதான். ஓரடி கிட்டே வந்தார். குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தார். லின்னின் வாயைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, ஒரு விரலை நீட்டி, அந்தப் பருக்கையை எடுத்தார். விரல் பிள்ளையின் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

லின் மென்றுகொண்டே கேட்டாள். "என்னை அந்தப் பொம்பளைகிட்ட நீங்க குடுக்கலையா?"

"யாருகிட்ட?" என்றார் தாய்.

கேள்வியே புரியாத முகம். அதற்கு மேல் ஒரு பதில் தேவைப்படவில்லை. யூசுப் பாய் அந்த ஒரு சொல்லை எனக்குச் சொல்லிவிட்டு அப்புறம் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளை வீடு சேர்த்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் என்னையும் நிற்கவிட்டார்களே, அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்லவேண்டும்.

லின் காலிக் கிண்ணத்தை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த அம்மா மாடத்தின் பக்கம் திரும்பினார். புகைந்துகொண்டிருந்த ஊதுபத்திகளைக் கொத்தாகப் பிடுங்கி, பூ ஜாடித் தண்ணீரில் முக்கி அணைத்தார். பிறகு அடுக்களைக்கு ஓடி, பானையோடு தூக்கிக்கொண்டு வந்து, கிண்ணம் வழிய வழியச் சோற்றைப் போட்டார்.